ஸ்காண்டினேவியப் பெயர் மரபுகள்

டென்மார்க், நார்வே, சுவீடன் ஆகிய நாடுகளிலும், நார்வேயிலிருந்து சென்றவர்கள் குடியேறிய ஐஸ்லாந்திலும் வழங்கும் பழைய மக்கட்பெயர்கள் பழைய நார்ஸ் மொழி என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இப்பகுதியில் ஒருவருக்குத் தனக்கே உரியதாக இருந்தது இயற்பெயர் ஒன்றுதான். அதன்பின் இன்னார் மகன், இன்னார் மகள் என்று தந்தையின் பெயர் வரும். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இட்டுக்கொள்ளும் தமிழருக்கு இந்த முறையை அதிகம் விளக்க வேண்டியதில்லை. தலைமுறைதோறும் மாறாமல் தொடரும் குடும்பப்பெயர் மிகப் பிந்தியது. பெரும்பாலோருக்கு அது அரசாணையின் மூலமே வந்து சேர்ந்தது. ஐஸ்லாந்து மக்களில் பெரும்பாலோர் இன்றுவரை அதை ஏற்கவில்லை.

தொன்மைப் பெயர்கள்

மிகப் பழைய பெயர்கள் ரூனிக் எழுத்துப் பொறிப்புகளில் கிடைக்கின்றன. தென் யூட்லாந்தின் கல்லெஹுஸ் என்னும் சிற்றூரில் 1639இல் ஒன்றும் 1734இல் ஒன்றுமாக இரண்டு பொற்கொம்புகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. இரண்டாவது கொம்பின் விளிம்பில் அதைச் செய்தவன் தன் பெயரை ஹ்லெவகாஸ்டிஸ் ஹோல்டியாஸ் எனப் பொறித்திருந்தான். இதன் காலம் கி.பி. 400ஐ ஒட்டியது. இரண்டாம் சொல்லை ஊர்ப்பெயராகக் கொள்வாரும் உண்டு. ஹோல்ட் என்பவனின் மகன் என்று கொள்வதே பொருத்தம். அவ்வாறாயின் தந்தைவழிப் பெயர் இந்நிலத்தில் பதினாறு நூற்றாண்டுப் பழமை உடையது. 1802இல் ஒரு பொற்கொல்லன் இரு கொம்புகளையும் கோபன்ஹேகனில் திருடி உருக்கிவிட்டான். இன்று இருப்பவை பழைய வரைபடங்களைக் கொண்டு செய்த படிகளே.

சுவீடனின் தென்கோடியில், பிளேக்கிங்கே பகுதியைச் சேர்ந்த இஸ்டபி கல் ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டினது. இறந்துபோன ஹரிவுல்ஃப் என்பவனின் நினைவாக, ஹெருவுல்ஃபின் மகன் ஹதுவுல்ஃப் அதில் எழுத்துப் பொறித்தான். மூன்று பெயர்களும் 'ஹ' ஒலியில் தொடங்கி, ஓநாயைக் குறிக்கும் 'வுல்ஃப்' என்ற உறுப்பில் முடிகின்றன. ஹரி என்பது படை, ஹெரு என்பது வாள், ஹது என்பது போர். ஒரு குலத்தார் மோனையாலும் பொது உறுப்பாலும் தம் பெயர்களைப் பிணைத்துக்கொண்ட வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ரோக் கல்லிலும் மகன் வாமோதுக்காகக் கல் நட்ட தந்தையின் பெயர் வாரின்.

இத்தகைய ஈருறுப்புப் பெயர்களே நார்ஸ் பெயர்களின் முதுகெலும்பு. முன்னுறுப்பாகத் தோர் (இடிக்கடவுள்), ஆஸ், குத் (இரண்டும் கடவுளைக் குறிப்பன), சிக் (வெற்றி), ஆர்ன் (கழுகு) முதலியன வரும். பின்னுறுப்பாக ஆண்களுக்கு ஸ்டெய்ன் (கல்), கெய்ர் (ஈட்டி), வால்ட் (ஆட்சி), முன்ட் (காவல்) ஆகியனவும், பெண்களுக்கு ஹில்ட் (போர்), பியோர்க் (காப்பு), ரூன் (மறைபொருள்), டிஸ் (பெண் தெய்வம்) ஆகியனவும் வரும். தோர்ஸ்டெய்ன், ஆஸ்கெய்ர், குட்ரூன், ரக்ன்ஹில்ட், இங்கிபியோர்க் என்று இவற்றை விருப்பம்போல் கோக்கலாம். கோத்தபின் முழுப்பெயருக்குப் பொருள் தேடுவது வீண். குன்ஹில்ட் என்ற பெயரின் இரு பகுதிக்கும் போர் என்பதே பொருள். தாய்வழியிலிருந்து ஓர் உறுப்பும் தந்தைவழியிலிருந்து ஓர் உறுப்பும் எடுத்துப் பிள்ளைக்கு வைத்தார்கள். சொற்பொருள் அவர்களுக்கு இரண்டாம் கவலை.

கடவுளரில் தோருக்கே முதலிடம். அவன் பெயரைத் தாங்காத குடும்பம் ஐஸ்லாந்தின் குடியேற்ற நூலான 'லாண்ட்னாமபோக்'கில் குறைவு. தலைமைக் கடவுளான ஓடினின் பெயரை மக்களுக்கு இடுவது அரிது. ஓருறுப்புப் பெயர்களில் விலங்குகள் மிகுதி: பியோர்ன் கரடி, உல்ஃப் ஓநாய், ஹ்ரஃப்ன் அண்டங்காக்கை, ஓர்ம் பாம்பு. சமையல் கொப்பரையைக் குறிக்கும் கேட்டில் என்பதும் மதிப்புள்ள ஆண்பெயரே. இன்று வழங்கும் தோர்கில், தோர்கெல் போன்றவை தோர்கேட்டில் என்பதன் தேய்ந்த வடிவங்கள்.

குழந்தை பிறந்ததும் அதன்மேல் நீர் தெளித்துத் தந்தை பெயர் சூட்டுவார். பெயர் சூட்டியவர் பரிசு தருவது முறை. அப்பரிசுக்கு 'நஃப்ன்ஃபெஸ்தி' என்று தனிப்பெயரே இருந்தது. இறந்த உறவினரின், பெரும்பாலும் பாட்டன் பாட்டியின், பெயரை வைப்பது வைகிங் காலத்தில் மோனை முறையைவிட வலுப்பெற்றது. பெயரோடு இறந்தவரின் நற்பேறும் பிள்ளைக்கு வந்துசேரும் என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். தந்தை இறந்தபின் பிறந்த மகன் தந்தையின் பெயரையே பெற்றான்.

ஒரே பெயர் பலருக்கு இருந்ததால் அடைப்பெயர்கள் பெருகின. செந்தலை எரிக், எலும்பிலி இவார், ஆழ்ந்த மதியுடைய அவுத் என்பவை பலரும் அறிந்தவை. குழந்தைகளை ஈட்டிமுனையில் எறிந்து பிடிக்கும் கொடிய விளையாட்டை மறுத்ததற்காக ஒருவன் 'பிள்ளைகளின் ஆள்' ஒல்விர் ஆனான் என்று லாண்ட்னாமபோக் கூறுகிறது. அந்த மறுப்பு அன்று பாராட்டாகப் பட்டதா கேலியாகப் பட்டதா என்பது வாசிப்பவரின் ஊகத்துக்குரியது. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசன் ஹரால்டின் அடைப்பெயர் நீலப்பல். கைபேசிகளின் புளூடூத் அவனுடைய பெயரைக் கொண்டதுதான். அதன் சின்னம் அவன் பெயரின் முதலெழுத்துகளான இரு ரூனிக் எழுத்துகளின் இணைப்பு.

கிறித்தவப் பெயர்கள்

கிறித்தவம் வந்தவுடன் பழைய பெயர்கள் மறைந்துவிடவில்லை. நார்வே அரசன் ஓலாவ் ஹரால்ட்சொன் பின்னாளில் புனிதராக்கப்பட்டதால் ஓலாவ் என்பதே கிறித்தவப் பெயராகிவிட்டது. அவனுக்கு 1024 அளவில் ஓரிரவு மகன் பிறந்தபோது குழந்தை பிழைக்காது என்று அஞ்சினார்கள். அரசனை எழுப்ப எவருக்கும் துணிவு வரவில்லை. அவைப்புலவன் சிக்வாத் தானே பொறுப்பேற்றுக் குழந்தைக்கு மாக்னுஸ் என்று ஞானஸ்நானம் செய்வித்தான். குலத்தில் இல்லாத பெயரை ஏன் வைத்தாய் என்று அரசன் கேட்க, உலகின் தலைசிறந்த மன்னனான கரோலுஸ் மாக்னுஸின் பெயரை வைத்தேன் என்றானாம். 'பெரிய' என்று பொருள்படும் பட்டத்தையே அம்மன்னனின் பெயர் என்று எண்ணியதன் விளைவு இது. ஸ்னோரி ஸ்டுர்லுசொன் எழுதிய 'ஹெய்ம்ஸ்கிரிங்லா'வில் இச்செய்தி உள்ளது. மாக்னுஸ் இன்று நான்கு நாடுகளிலும் பரவலான பெயர்.

புனிதர்களின் இலத்தீன் பெயர்கள் நாட்டார் வாயில் உருமாறின. யோஹான்னெஸ் என்பது யோன், யென்ஸ், ஹான்ஸ் ஆயிற்று. நிகோலாவுஸ் நீல்ஸ் ஆயிற்று. லவுரென்டியுஸ் லார்ஸ் ஆயிற்று. ஆன்ட்ரேயாஸ் ஆன்டெர்ஸ் ஆயிற்று. பிர்கிட்டா, பிரிட்டாவாகவும் பெரிட்டாகவும் தேய்ந்தது. நார்வேயில் சராசரிக் குடிமகளைக் 'காரி நூர்மன்' என்பார்கள். நாட்டின் அடையாளமாகிவிட்ட அந்தக் காரி, எகிப்தின் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த புனிதை கத்தரீனாவின் பெயர்க்குறுக்கமே.

19ஆம் நூற்றாண்டின் தேசிய எழுச்சி சிகுர்ட், ஹரால்ட், ஆஸ்ட்ரிட், இங்ரிட் போன்ற பழம்பெயர்களுக்குப் புத்துயிர் தந்தது. 1905இல் நார்வே சுவீடனிலிருந்து பிரிந்தபோது அரியணை ஏற அழைக்கப்பட்டவர் டென்மார்க் இளவரசர் கார்ல். அவர் இடைக்கால நார்வே மன்னர்களின் வரிசையில் ஏழாம் ஹாகோன் ஆனார். அவருடைய சிறுமகன் அலெக்சாண்டர் ஓலாவ் ஆனான்.

தந்தைவழிப் பெயரும் பண்ணைப்பெயரும்

மகனுக்கு ஐஸ்லாந்திலும் சுவீடனிலும் 'சொன்', டென்மார்க்கிலும் நார்வேயிலும் 'சென்'. மகளுக்கு 'தோத்தீர்', 'டோட்டெர்', 'டாட்டெர்' என்று வட்டார வேறுபாடு. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர் வைப்பது விதி. ஆகவே ஹான்ஸ் யென்சென், யென்ஸ் ஹான்சென், மீண்டும் ஹான்ஸ் யென்சென் என்று தலைமுறைகள் மாறி மாறி வரும். தாயின் குலம் உயர்ந்ததானால் அவள் பெயரும் வரும்: 11ஆம் நூற்றாண்டு டென்மார்க் அரசன் ஸ்வென் எஸ்ட்ரிட்செனின் தாய் எஸ்ட்ரிட் அரசகுலத்தவள். மணமானாலும் பெண்ணின் பெயர் மாறாது.

நார்வே நாட்டுப்புறத்தில் தந்தை பெயரோடு வாழும் பண்ணையின் பெயரும் சேர்ந்தது. இது இன்று முகவரி செய்யும் வேலையைச் செய்தது. பண்ணை மாறினால் பெயரும் மாறும். பாக்கென் (சரிவு), ஹவுகென் (மேடு), டால் (பள்ளத்தாக்கு) முதலியன இவ்வாறு வந்தவை. எழுத்தாளர் க்னுட் ஹம்சுன் பிறப்பால் க்னுட் பெடெர்சென். வளர்ந்த பண்ணை ஹம்சுன்ட். அச்சுப்பிழையில் கடைசி எழுத்து விழ, அவர் அதையே வைத்துக்கொண்டார். சுவீடனின் டாலர்னா பகுதியில் பண்ணைப்பெயர் இயற்பெயருக்கு முன்னால் நிற்கும்.

குடும்பப்பெயர்கள்

முதலில் குடும்பப்பெயர் கொண்டவர்கள் பிரபுக்கள். டென்மார்க்கில் அரசர் முதலாம் ஃபிரெடெரிக் 1526இல் இட்ட ஆணையின்படி அவர்கள் நிலையான பெயர் கொண்டார்கள். பலர் தம் கேடயச் சின்னத்தையே பெயராக்கினர். ஷேக்ஸ்பியர் 'ஹாம்லெட்'டில் பயன்படுத்திய ரோசென்கிரான்ட்ஸ் (ரோசா மாலை), கில்டென்ஸ்டியெர்னெ (பொன் விண்மீன்) இரண்டும் உண்மையான டேனியப் பிரபுக் குடும்பங்கள். சுவீடனில் ஒக்சென்ஸ்டியெர்னா (எருதின் நெற்றி) இவ்வகையது.

சுவீடனில் கற்றவர்கள் இலத்தீன் வால் ஒட்டிக்கொண்டார்கள். தாவரவியலாளர் லின்னேயசின் தந்தை நீல்ஸ் இங்கெமார்சொன், பல்கலைக்கழகம் சென்றபோது குடும்ப நிலத்தில் நின்ற லிண்டன் மரத்தைக்கொண்டு இப்பெயரைத் தாமே அமைத்தார். நகர வணிகர்கள் இயற்கைச் சொற்களை இணைத்தனர்: லிண்ட்கிரென் (லிண்டன் கிளை), பெர்க்ஸ்ட்ரோம் (மலை ஓடை). பண்டைய ஈருறுப்பு முறையே வேறு உடையில் திரும்பி வந்ததாக இதைக் கருதலாம். பதினோராம் கார்ல் 1682இல் நிறுவிய படைமுறையில் ஒரே படைப்பிரிவில் பல ஆன்டெர்சொன்கள் இருந்தால் கட்டளை குழம்பும் என்பதால் வீரர்களுக்கு ராஸ்க் (விரைவு), மூடிக் (துணிவு), ஸ்வேர்ட் (வாள்) எனச் சிறுபெயர்கள் தரப்பட்டன. பல இடங்களில் பெயர் ஆளைச் சேராமல் வீரருக்குத் தரப்பட்ட குடிசையைச் சேர்ந்தது. ஒருவர் போனால் அடுத்து வந்தவர் அதைப் பெற்றார்.

பொதுமக்கள் மீது சட்டம் பாய்ந்தது பின்னர். டென்மார்க்கில் 1828ஆம் ஆண்டு ஞானஸ்நான ஆணை குழந்தைக்கு நிலையான குடும்பப்பெயரைப் பதியச் சொன்னது. பாதிரியார்கள் அப்போது கைக்கெட்டிய தந்தைப் பெயரையே உறையவைத்தார்கள். நாட்டுப்புறம் இதை ஒரு தலைமுறைக்கு மேல் புறக்கணித்தது. டேனியர் ஆண்ட தரங்கம்பாடியிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். அங்கு 1620இல் வந்த ஓவே கெட்டே பிரபு. அவருடைய குடும்பப்பெயர் ஒரு நன்னீர் மீனின் பெயர். 1845இல் ஊரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த கடைசி ஆளுநர் பீட்டர் ஹான்சென். டேனியப் பெயர்களின் இரு வகையும் அந்த ஊருக்குள் வந்துபோயின.

சுவீடனின் 1901 ஆணை குடும்பப்பெயர்களை ஒழுங்குபடுத்தியது. நார்வேயின் 1923 சட்டம் நிலையான குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கி, மணமான பெண் கணவன் பெயரை ஏற்க வேண்டும் என்றது. மனைவி தன் பெயரை வைத்துக்கொள்ள 1964 சட்டம் வழிசெய்தது. பதிவேட்டின் வசதிக்காகச் செய்த நிலையான குடும்பப்பெயர் ஏற்பாட்டால் யென்ஸின் மகளல்லாத பெண்ணும் யென்ஸின் 'மகன்' ஆனாள். பெயரின் தனித்தன்மையும் கெட்டது. 1993 முதல் 2011 வரை டென்மார்க்கின் பிரதமர்களாக இருந்த மூவரும் ராஸ்முசென்கள், மூவருக்கும் உறவில்லை. நடுப்பெயரால் நீருப், ஃபோக், லொக்கெ என்றே மக்கள் பிரித்தறிந்தார்கள். நார்வேயில் குடியேறிய ஈழத்தமிழரின் தந்தை பெயர் படிவத்தில் குடும்பப்பெயராகி, பேரப்பிள்ளைகள்வரை தொடர்வதும் இதே வகை உறைதல்தான்.

ஐஸ்லாந்து

1913இல் குடும்பப்பெயருக்கு இசைவளித்த ஐஸ்லாந்து 1925இல் புதிதாக ஏற்பதைத் தடைசெய்தது. அங்கே தொலைபேசி அடைவு இயற்பெயரின் அகரவரிசையில் அமைந்தது. 1980இல் குடியரசுத் தலைவரான விக்டிஸ் ஃபின்போகாதோத்தீரை எல்லோரும் விக்டிஸ் என்றே அழைத்தார்கள். அதில் மரியாதைக் குறைவு இல்லை. புதிய இயற்பெயர்கள் ஐஸ்லாந்து இலக்கணத்தின் வேற்றுமை உருபுகளை ஏற்கின்றனவா என்று பார்க்க 1991 முதல் பெயர்க்குழு ஒன்று உண்டு. 2019 சட்டப்படி, ஆண், பெண் என்று பதியாதோர் 'சொன்', 'தோத்தீர்' என்பவற்றுக்குப் பதிலாக, பிள்ளை என்று பொருள்படும் 'புர்' சேர்க்கலாம்.

இக்காலம்

நார்வேயில் ஹான்சென், டென்மார்க்கில் நீல்சென், யென்சென், சுவீடனில் ஆன்டெர்சொன், யோஹான்சொன் ஆகிய குடும்பப்பெயர்கள் முன்னிற்கின்றன. குழந்தைகளுக்கு நோவா, எம்மா, வில்லியம் போன்ற பன்னாட்டுப் பெயர்களும், ஃப்ரேயா போன்ற சில பழந்தெய்வப் பெயர்களும் விரும்பி இடப்படுகின்றன. சுவீடனில் 2017 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி இரட்டைக் குடும்பப்பெயர் வைத்துக்கொள்ளலாம். குறைந்தது 2,000 பேர் தாங்கியிருக்கும் குடும்பப்பெயரை உறவில்லாத எவரும் எடுத்துக்கொள்ளலாம்.