வேலிக்கு வெளியே நின்ற குழாய்

போன வருஷம் ஒரு கல்யாணச் சாப்பாட்டில் மாமா ஒருவர் ஆரம்பித்தார். "அந்தக் காலத்து ஆளுங்களுக்குச் சொத்தைப் பல்லே கெடையாது. வேப்பங்குச்சி, அடுப்புக்கரி, அவ்வளவுதான். இப்பத்தான் பேஸ்ட்டு, பிரஷ்ஷு, அப்புறம் கிளினிக்கு." மேசையே தலையாட்டியது. அவருக்கு நேர் எதிரில் என் பாட்டி உட்கார்ந்திருந்தார். ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். அத்தனை வருஷமும் கரியில்தான் பல் தேய்த்தார். நாற்பது வயதுக்குள் வாயில் ஒரு பல் மிச்சமில்லை. இப்போது பல் செட் போட்டிருந்தாலும், முந்தானையால் வாயை மறைத்துச் சிரிக்கும் பழக்கம் போகவில்லை. அன்றும் அப்படித்தான் சிரித்தார்.

நான் வேதிப்பொறியியல் படித்தவன். ஸ்கூடாயில் படித்தபோது எங்களை ஒரு நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். ஓர் அறையில் வெள்ளைப் பொடி மூட்டைகள் இருந்தன. "ஃபுளோரைடு, பல்லுக்கு" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு நகர்ந்துவிட்டார் வழிகாட்டி. அந்த மூட்டையின் வரலாற்றைத் தேடிப் படிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்தக் கல்யாணத்துக்குப் பிறகுதான்.

அது அமெரிக்காவில் தொடங்குகிறது. 1901இல் பிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு வந்தார். அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை. தேய்த்தாலும் போகாத கறை. ஆனால் அந்தப் பற்களில் சொத்தை ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தது. மெக்கே முப்பது வருஷம் இதன் பின்னால் அலைந்தார். 1923இல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூரில் பெற்றோர் ஒரு விஷயம் சொன்னார்கள்: தூரத்து வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளுக்குக் கறை வந்தது. அந்தக் குழாயைக் கைவிடுங்கள் என்றார் மெக்கே. வேறு தண்ணீருக்கு மாறினார்கள். சில வருஷங்களில், புதிதாகப் பல் முளைத்த குழந்தைகளுக்குக் கறை இல்லை. தண்ணீரில் என்ன இருக்கிறது என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. 1931இல் ஓர் அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர் சர்ச்சில் அதைக் கண்டுபிடித்தார்: ஃபுளோரைடு.

அதன் பிறகு கேள்வி மாறியது. கறை வராமல், சொத்தையும் வராமல் இருக்க எவ்வளவு வேண்டும்? டிரென்ட்லி டீன் ஊர் ஊராகப் பிள்ளைகளின் பற்களையும் தண்ணீரையும் ஒப்பிட்டு, லிட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் என்ற இடத்துக்கு வந்தார். 1945 ஜனவரியில் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரம் உலகிலேயே முதலாவதாகத் தன் குடிநீரில் ஃபுளோரைடு சேர்த்தது. 15 வருஷம் கண்காணித்தார்கள். அதற்குப் பின் பிறந்த குழந்தைகளிடம் சொத்தை 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது.

இது எப்படி வேலை செய்கிறது? வாயிலுள்ள பாக்டீரியா சீனியைத் தின்று அமிலம் கக்குகிறது. அமில அளவு பிஎச் 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். பிறகு எச்சில் அதை மெல்லச் சரிசெய்யும். கரைவதும் ஒட்டுவதும் நாள் முழுக்க நடக்கும் இழுபறி. ஃபுளோரைடு இருந்தால் மறுபடி ஒட்டும் படிகம் இன்னும் உறுதியாக இருக்கும். கரைய இன்னும் கடுமையான அமிலம் வேண்டும். விடிகாலை வெட்டுக்குப் போகும்முன் டின்பால் கோப்பி, இடையில் மறுபடி கோப்பி என்று வாழ்ந்த ஒருவர் வாயில் அந்த இழுபறியில் யார் ஜெயித்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். கரி பல்லின் மேலுள்ள அழுக்கை எடுக்கும். கரைந்த எனாமலைத் திருப்பித் தராது.

நம் பக்கத்தில் சிங்கப்பூர் 1956இல் தொடங்கி, தன் மக்கள் அனைவருக்கும் ஃபுளோரைடு கலந்த நீரைக் கொடுத்த முதல் ஆசிய நாடானது. மலேசியாவில் 1972இல் அமைச்சரவை இதை நாடு முழுமைக்குமான கொள்கையாக ஏற்றது. வெயில் நாட்டில் மக்கள் அதிகம் தண்ணீர் குடிப்பார்கள் என்பதால் அளவு 0.7, பின்னர் அதுவும் 0.5 ஆனது.

ஆனால் கொள்கை குழாய் வழியாகத்தான் வரும். பாட்டியின் தோட்டத்தில் தண்ணீர் நிர்வாகத்தின் பொறுப்பு. ஆற்றிலிருந்து இறைத்துத் தொட்டியில் ஏற்றி லயத்துக்கு விட்டார்கள். அரசாங்கக் குழாய் வேலிக்கு வெளியே, பெரிய சாலையோரமாகப் போனது. அது உள்ளே வந்தபோது பாட்டியிடம் காப்பாற்றுவதற்குப் பல் இல்லை.

அம்மாவின் கதை வேறு. அவர் படித்த தமிழ்ப்பள்ளிக்குப் பல் மிஸ்ஸி வருவாராம். மடக்கு நாற்காலி, காலால் மிதிக்கும் துளைக்கருவி. நியூசிலாந்து 1921இல் தொடங்கிய முறை அது: இளம்பெண்களைப் பயிற்றுவித்துப் பள்ளிப் பிள்ளைகளின் பற்களை அடைக்க வைப்பது. அதைப் பின்பற்றி 1949இல் பினாங்கில் ஒரு பயிற்சிப் பள்ளி உருவானது. அம்மாவின் வாயில் ஏழு இடத்தில் அடைத்திருக்கிறது, ஆனால் பற்கள் இருக்கின்றன. தாமானில் குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்த எனக்கு ஒரே ஒரு அடைப்பு.

மூன்று வாய்களை வைத்து விதி எழுத முடியாது என்று எனக்குத் தெரியும். எனக்கு ஃபுளோரைடு பற்பசையும் கிடைத்தது. பற்பசை பரவிய பிறகு தண்ணீரில் கலப்பதன் கூடுதல் பலன் முன்பைவிடச் சிறியதாக இருக்கலாம் என்று 2024இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது. ஃபுளோரைடு அமிர்தமும் இல்லை. நெல்லூர் மாவட்டத்தில் கிணற்று நீரிலிருந்த மிகுதியான ஃபுளோரைடால் மக்களின் எலும்புகள் இறுகி முடங்கியதை, சென்னை மாகாணத்தில் ஆய்வு செய்த ஷார்ட் குழுவினர் 1937இல் பதிவு செய்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அதே தொல்லைக்காகத்தான் ஒகேனக்கலிலிருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுபோனார்கள். இங்கே ஃபுளோரைடைச் சேர்க்கக் குழாய். அங்கே அதிலிருந்து தப்பிக்கக் குழாய். இரண்டு இடத்திலும் வீட்டுக்கு எந்தத் தண்ணீர் வந்தது என்பதுதான் கேள்வி.

இதையெல்லாம் ஒரு சாயங்காலம் பாட்டியிடம் சொன்னேன். படிகம், பிஎச் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, குழாய்க் கதையை மட்டும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நாந்தான் சரியா தேய்க்கலன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்யா" என்றார்.

அறுபது வருஷமாக அப்படி நினைத்திருக்கிறார். அடுத்த கல்யாணத்திலும் மாமா அதே கதையை ஆரம்பிப்பார். இந்த முறை நான் பாட்டிக்குப் பக்கத்தில் உட்காரப்போகிறேன்.