பேரினமாக இருந்த வெட்டிவேர்

நம் வீட்டுப் பானைத் தண்ணீரில் ஊறும் வேரின் பெயர் ஏறத்தாழ 180 ஆண்டுகள் தாவரவியலில் ஒரு பேரினத்தின் பெயராக இருந்தது. அந்தப் பேரினம் வெட்டிவேரியா. இன்றைய வகைப்பாட்டில் அது இல்லை.

மண்ணை வெட்டி எடுக்கிற வேர் என்று நம் மக்கள் வேரைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். புல்லை வகைப்படுத்துகிறவர்களோ முதலில் கதிரைப் பார்ப்பார்கள். 1771இல் லின்னேயஸ் வெட்டிவேர்ப் புல்லுக்கு ஃபலாரிஸ் சிசானியாய்டஸ் என்று பெயரிட்டார். சிசானியா என்பது தானியப் பயிருக்குள் முளைக்கும் களையைக் குறித்த கிரேக்கச் சொல். லின்னேயஸ் அதை வட அமெரிக்கக் காட்டரிசிக்கு வைத்திருந்தார். ஆக, மணக்கும் வேருக்குக் கிடைத்த முதல் அறிவியல் பெயரின் பொருள் 'சிசானியாவைப் போன்றது' என்பதுதான். மணத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 1783இல் ரெட்சியஸ் இதே புல்லை ஆண்ட்ரோபோகன் மூரிகேட்டஸ் என்றார். ஆண்ட்ரோபோகன் என்றால் ஆணின் தாடி; மூரிகேட்டஸ் என்றால் கூர்கூராகச் சொரசொரப்பானது.

இதற்கிடையே வேரோடு சேர்ந்து தமிழ்ச் சொல்லும் கடல் கடந்து பிரெஞ்சு மொழிக்குள் புகுந்திருந்தது. இளவயதில் ரீயூனியன் தீவைச் சுற்றி ஆராய்ந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் போரி, இந்தப் புல்லுக்குத் தனிப் பேரினம் வேண்டும் என்று கருதி வெட்டிவேரியா என்ற பெயரைத் தந்தார். 1822இல் அது அச்சேறியது. 1903இல் அமெரிக்கரான நாஷ் அதை லின்னேயஸின் சொல்லோடு இணைத்து வெட்டிவேரியா சிசானியாய்டஸ் ஆக்கினார். சித்த மருத்துவ நூல்கள், வேளாண் கையேடுகள், வாசனைத் தைல வணிகம் எல்லாவற்றிலும் புழங்கிய பெயர் அதுவே.

பெயரைப் போலவே செடியும் ஊர் சுற்றியது. நம் பக்கம் வளர்க்கும் வகையில் முளைக்கும் விதை கிடையாது. தூரைப் பிரித்துத்தான் நட வேண்டும். மனிதக் கை எடுத்துப் போகாமல் அது எங்கும் போயிருக்க முடியாது. மண்ணரிப்பைத் தடுக்கப் பல நாடுகளில் நட்டிருக்கும் வெட்டிவேரை 1990களில் ஆடம்ஸும் டாஃபோர்னும் டி.என்.ஏ. வழியே ஒப்பிட்டார்கள். பெரும்பாலானவை ஒரே மரபணு வகையைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. கண்டம் கண்டமாக மண்ணைப் பிடித்து நிற்பது பெரும்பாலும் ஒரே செடியின் பிரிந்த தூர்கள்தான் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

1999இல் வெல்ட்காம்ப் என்ற தாவரவியலாளர், வெட்டிவேரியாவையும் கிரைசோபோகனையும் பிரித்துக் காட்டும் உறுதியான வேறுபாடு இல்லை என்று இரண்டையும் ஒன்றாக்கினார். இரு பேரினங்கள் இணைந்தால் மூத்த பெயரே நிற்கும் என்பது விதி. கிரைசோபோகன் 1820இல் வந்தது, வெட்டிவேரியா 1822இல். இரண்டே ஆண்டு! பொன்தாடி என்று பொருள்படும் கிரேக்கப் பெயர் நின்றது. சிசானியாய்டஸ் 1771இலிருந்தே இருப்பதால் அதற்கும் ஆபத்தில்லை. இன்று சரியான பெயர் கிரைசோபோகன் சிசானியாய்டஸ்.

விதி நியாயமானது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தமிழில் தாவர நூலோ பாடநூலோ எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெட்டிவேரைப் பற்றி எழுதும்போது புதிய பெயருக்குப் பக்கத்திலேயே வெட்டிவேரியா என்ற பழைய பெயரையும் அச்சிடுங்கள். அது எங்கிருந்து போன சொல் என்பதையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள்.