விலையில்லா மடிக்கணினியும் கட்டற்ற மென்பொருளும்

கயத்தாறு என்ற பெயர் பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு தேதியோடு வரும்: 1799 அக்டோபர் 16, வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட நாள். ஊரில் அதற்கு நினைவிடமும் சிலையும் உண்டு. ஊரைத் தாண்டினால் காற்றாலைகள். டென்மார்க் நாட்டு உதவியோடு அமைந்த காற்றாலைச் சோதனை நிலையமும் இங்கேதான் இருக்கிறது. போரும் தொழில்நுட்பமும் இந்த ஊரில் விட்டுச்சென்ற தடங்களைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் 2011-க்குப் பிறகு கயத்தாறு, கடம்பூர், கழுகுமலைப் பக்கத்து வீடுகளுக்குள் நடந்த ஒரு மாற்றத்துக்கு எந்த அடையாளமும் இல்லை. மேல்நிலை வகுப்பு படித்த பெண்பிள்ளைகள் கணினியோடு வீடு திரும்பினார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு வீட்டில்தான் கணினி இருந்தது. ஆகவே பல வீடுகளுக்கு அதுவே முதல் கணினி. அது மகளின் பெயரில் வந்தது.

அந்தக் கணினியைப் பற்றி அன்று பலரும் கருத்துச் சொன்னார்கள். லினக்ஸ் நல்லதா, விண்டோஸ் நல்லதா? பிள்ளைகள் கேம் விளையாடிக் கெட்டுப்போவார்களா? எத்தனை நாளைக்கு உழைக்கும்? அதை வாங்கிய பெண்ணிடம் யாரும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு கருவியைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை எப்படி ஒருவருக்குக் கிடைக்கிறது, எப்படி இன்னொருவருக்குக் கிடைக்காமல் போகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

மகள் பெயரில் ஒரு பொருள்

2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும், அதே வகைக் கல்லூரிகளின் மாணவர்களுக்குமான திட்டம் அது. முதல் ஆண்டுக்கு மட்டும் 912 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2019-20 வரை 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் கைமாறின. இவற்றைக் கொள்முதல் செய்தது அரசின் எல்காட் நிறுவனம்.

இந்த எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பள்ளிப் பதிவேட்டில் அந்தப் பெண் போட்ட கையெழுத்து. 1989-இல் தமிழ்நாடு சட்டம் திருத்தி மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தது. அதன் பிறகும் எங்கள் பக்கத்தில் பல பெண்கள் பத்திரப்பதிவு அலுவலகம் போய்த் தம் பங்கை அண்ணன் தம்பிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வருகிறார்கள். அந்த ஆவணத்துக்கு ‘விடுதலைப் பத்திரம்’ என்று பெயர். பங்கிலிருந்து பெண் விடுதலையாகிறாளாம்! நிலத்துக்குக் கையெழுத்துப் போட்டால் கை விட்டுப்போகும் என்றே பழகிய வீடுகளில், கையெழுத்துப் போட்டதும் ஒரு பொருள் மகளின் கைக்கு வந்தது. இதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை.

ஆனால் கையில் வந்த பொருள் கையிலேயே இருந்ததா என்பது வேறு கதை.

இரண்டு கதவுகள்

அந்த மடிக்கணினியைத் திறந்தால் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று மைக்ரோசாஃப்டின் விண்டோஸ். மற்றொன்று ‘பாஸ்’ லினக்ஸ், அதாவது பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட இந்திய இயங்குதளம் அது.

லினக்ஸ் தமிழக அரசுக்குப் புதிதல்ல. 2007 வாக்கில் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அந்த நிறுவனத்தையே சூசே லினக்ஸுக்கு மாற்றியிருந்தார். கேரளத்தில் இது பள்ளிக்கூடத்துக்குள் போனது. ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்து, பாடத்தையும் பத்தாம் வகுப்புத் தேர்வையும் கட்டற்ற மென்பொருளிலேயே நடத்தியது. நம் ஊரில் பாஸ் லினக்ஸ் கணினிக்குள் வந்தது, வகுப்பறைக்குள் வரவில்லை. திறந்து பார்க்கச் சொல்லித்தர ஆளில்லாத கதவாக அது நின்றது.

‘கட்டற்ற மென்பொருள்’ என்ற தமிழ்ச் சொல் மிக நல்ல சொல். ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் சுதந்திரமானதற்கும் ஒரே சொல்தான். 1983-இல் குனு திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் அந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே பல ஆண்டுகளாக விளக்கம் சொல்லிவருகிறார். தமிழில் விலையில்லாதது வேறு, கட்டற்றது வேறு. கட்டற்ற மென்பொருளில் நான்கு உரிமைகள் உண்டு: எந்தத் தேவைக்கும் இயக்கலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று படித்து மாற்றலாம், நகல் எடுத்துப் பிறருக்குத் தரலாம், மாற்றியதையும் தரலாம்.

இந்த நான்கையும் ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் வீட்டில் வைத்துப் பாருங்கள். ‘கட்டு’ என்ற சொல் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். கட்டுப்பாடு, கட்டுப்பெட்டி, கட்டிக்கொடுப்பது எல்லாம் அவளைச் சுற்றி இருப்பவை. உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்க நேரம் வேண்டும். மாற்றிப் பார்த்துக் கெடுத்துவிட்டால் திட்டு வாங்காமல் இருக்க வேண்டும். நகல் எடுத்துத் தோழிக்குத் தர, பென்டிரைவோடு தோழி வீட்டுக்குப் போய்வர வேண்டும். மென்பொருளின் உரிமத்தில் எழுதியிருக்கும் சுதந்திரம், வீட்டில் அவளுக்கு எவ்வளவு சுதந்திரம் உண்டோ அந்த அளவுக்குத்தான் வேலை செய்யும்.

கெடுத்துப் பார்க்கும் உரிமை

பையன்கள் கணினி கற்றது பெரும்பாலும் வகுப்பில் அல்ல. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் உட்கார்ந்தார்கள். கேம் நிறுவினார்கள், ஓடவில்லை என்றால் ஏன் ஓடவில்லை என்று தோண்டினார்கள். ரேம் போதவில்லை, கிராஃபிக்ஸ் கார்டு இல்லை என்ற சொற்கள் அப்படித்தான் அவர்கள் வாயில் ஏறின. கேமுக்கு இடம் வேண்டுமென்று பாஸ் லினக்ஸை அழித்து விண்டோஸை மட்டும் வைத்துக்கொண்ட வீடுகள் எத்தனையோ. அக்காவின் மடிக்கணினியை ஃபார்மட் செய்த தம்பிதான் பிற்பாடு ‘அவனுக்கு சிஸ்டம் பற்றி எல்லாம் தெரியும்’ என்று பெயர் வாங்கினான்.

தடுப்பு அடித்த பிரவுசிங் சென்டருக்குள் ஒரு பெண் மணிக்கணக்கில் உட்கார முடியாது. போனால் பயோடேட்டா அடிக்க, தேர்வு முடிவு பார்க்க, வேலை முடிந்ததும் கிளம்ப. வீட்டிலும் அப்படித்தான். பெண் கணினி முன் உட்கார்ந்தால் அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். கேம் என்பது காரணமே இல்லாத நேரம். நாம் பெண்களுக்குத் தராமல் வைத்திருப்பது அந்த நேரத்தைத்தான்.

இது கயத்தாற்றுக்கு மட்டும் உரியதல்ல. 1980-இல் பேக்-மேன் விளையாட்டை உருவாக்கிய தோரு இவாதானி, ஆண்களே நிறைந்திருந்த விளையாட்டுக் கூடங்களுக்குப் பெண்களும் வரவேண்டும் என்று நினைத்தே அதை வடிவமைத்தார். 1982-இல் கரோல் ஷா என்ற பெண் எழுதிய ரிவர் ரெய்டு அக்காலத்தில் மிகவும் பேர்வாங்கிய விளையாட்டு. ஆனாலும் அமெரிக்க வீடுகளில் கணினி மகனின் அறைக்குத்தான் போனது. அங்கே கணினி அறிவியலில் இளநிலைப் பட்டம் பெற்றவர்களில் பெண்களின் பங்கு 1984-இல் 37 சதவீதமாக இருந்தது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிட்டது. ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் இதை ஆராய்ந்து 2002-இல் ஒரு நூல் எழுதினார்கள். வகுப்புக்கு வரும்போதே பையன்கள் கணினியோடு விளையாடிப் பழகியிருந்தார்கள் என்பது அவர்கள் கண்ட காரணங்களில் ஒன்று.

நம் நாட்டில் கணினி அறிவியல் வகுப்புகளில் பெண்களுக்குப் பஞ்சமில்லை. நம் குறை வேறு இடத்தில் இருக்கிறது. தேர்வுக்குப் படிக்க அனுமதி உண்டு, தோண்டிப் பார்க்க இல்லை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் சுமார் 47 சதவீதம், ஆண்கள் சுமார் 70 சதவீதம். மடிக்கணினி வழங்கத் தொடங்கிப் பத்து ஆண்டுகள் கழித்தும் இதுதான் நிலை.

பெயர் வைத்தவள்

கட்டற்ற மென்பொருள் உலகம் தன்னைத் திறந்த வீடு என்று சொல்லிக்கொள்ளும். அந்த வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்போம்.

‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற பெயரை 1998 பிப்ரவரியில் உருவாக்கியவர் கிறிஸ்டின் பீட்டர்சன். அதை முடிவுசெய்த கூட்டத்தில் அவரும் இருந்தார். தானே முன்மொழியத் தயங்கியபோது, அவர் யோசனையை முன்பே அறிந்த ஒரு நண்பர் பேச்சோடு பேச்சாக அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 2018-இல்தான் பீட்டர்சன் இதை விரிவாக எழுதி வெளியிட்டார். நம் பாஸ் லினக்ஸுக்கு அடித்தளமான டெபியன் என்ற பெயரிலும் பாதி ஒரு பெண்ணுடையது. 1993-இல் அதைத் தொடங்கிய இயன் மர்டாக், அப்போதைய காதலி டெப்ராவின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து வைத்தார்.

பெயரில் இடம் கிடைத்தது. வேலையில்? 2006-இல் கோடைக்காலப் பயிற்சிக்கு கனோம் திட்டத்துக்கு வந்த 181 விண்ணப்பங்களில் ஒன்றுகூடப் பெண்ணுடையது இல்லை. பெண்களுக்கென்று தனியாக அறிவித்ததும் நூற்றுக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். பெண்களுக்கு ஆர்வமில்லை என்ற பழைய பல்லவி அந்தக் கோடையிலேயே பொய்யானது. கதவு திறந்திருந்தால் போதாது, உள்ளே வா என்று ஒருவர் சொல்ல வேண்டும்.

விரல்களின் வரலாறு

வன்பொருளுக்கு வருவோம். கணினியின் உள்ளே பெண்ணின் கை படாத இடம் குறைவு. 1946-இல் அறிமுகமான எனியாக் கணினிக்கு நிரல் அமைத்த ஆறு பெண்களுக்கு முதலில் அந்த இயந்திரத்தைப் பார்க்கவே அனுமதி இல்லை. சுற்று வரைபடங்களைப் படித்தே அதைக் கற்றார்கள். அப்பல்லோ விண்கலத்தை வழிநடத்திய கணினியின் நினைவகத்தை மாசசூசெட்ஸ் தொழிற்சாலையில் பெண்கள் கம்பியால் ஊசி கோத்து நெய்தார்கள்.

நம் பக்கத்தில் கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸ்களில் கட்டை அடுக்கியதும் பெண்களின் விரல்கள்தான். ‘பொம்பளைப் பிள்ளைகளுக்குத்தான் கை வேகம்’ என்பார்கள். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் ஆலை வந்தபோதும் இளம்பெண்களின் விரல்களைத்தான் தேடினார்கள். 2014-இல் அந்த ஆலை உற்பத்தியை நிறுத்தியது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள், விடுதி உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்த பிறகு, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். 2024 ஜூனில் அதே ஆலை திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறது என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது. ஒன்றிய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது.

கருவியைச் செய்யும் கை பெண்ணுடையது. அதே கருவி பழுதானால் சர்வீஸ் சென்டரில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் ஆண். ஆலையில் ஒரு திருகை நாள் முழுக்க முடுக்க அவளால் முடியும் என்று நம்பும் சமூகம், அதைக் கழற்ற அவளால் முடியும் என்று நம்புவதில்லை.

இனி

கட்டற்ற மென்பொருளைக் கைவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அதன்மேல் நம்பிக்கை உண்டு. 2012 ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் தமிழிலேயே அதைக் கற்றுத்தந்துவருகிறது. து. நித்யா எளிய தமிழில் எழுதிய கணினி நூல்களை யாரும் இறக்கிப் படிக்கலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம். ஒரு பெண் எழுதி, உரிமையையும் சேர்த்துக் கொடுத்த நூல்கள் அவை.

2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று தமிழக அரசு மீண்டும் அறிவித்தது. இந்தமுறை கணினியோடு சேர்த்துச் சில கேள்விகளையும் நாம் கேட்க வேண்டும். கல்லூரியில் மாலை நேரத்தில் பெண்கள் சும்மா உட்கார்ந்து நோண்டிப் பார்க்க ஓர் அறை உண்டா? கணினியைப் பிரித்து ரேம் மாற்ற, ஃபார்மட் செய்ய, லினக்ஸ் நிறுவ அவர்களுக்கே சொல்லித்தருவார்களா? கெடுத்துவிட்டால் அபராதம் கேட்காமல் மறுபடி ஏற்றித்தர ஆள் உண்டா? அங்கே கேம் விளையாடினால் வீட்டுக்குப் புகார் போகாமல் இருக்குமா?

மாணவிகளே, உங்களிடம் கேட்க ஒன்று உண்டு. உங்கள் பெயரில் வந்த கணினியின் கடவுச்சொல்லை யாருக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்காதீர்கள். தம்பி ஃபார்மட் செய்யட்டும் என்று காத்திருக்காமல், இந்த விடுமுறையில் நீங்களே ஒருமுறை செய்துபாருங்கள்.