தொண்டைத் திசுவில் உலோக நானோ துகள்கள்

நானோ துகள் எனப்படுவது 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள துகள். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். வாகனப் புகை, பிரேக் தேய்மானம், உருக்காலை, வெல்டிங் புகை ஆகியவற்றிலிருந்து இரும்பு, தாமிரம், மாங்கனீசு, நிக்கல் போன்றவை இந்த அளவில் காற்றில் கலக்கின்றன. மூச்சோடு வரும் இந்த நானோ துகள்களில் மிகச் சிறியவை மூக்கு, தொண்டைச் சுவர்களிலேயே ஒட்டிக்கொள்கின்றன. சற்றுப் பெரியவை நுரையீரல்வரை செல்கின்றன. அங்கே படிந்தவற்றிலும் ஒரு பகுதியை மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் சளியோடு தொண்டைக்கே மேலேற்றுகின்றன. ஆக, இறங்கும்போதும் ஏறும்போதும் துகள்களைச் சந்திக்கும் இடம் தொண்டை. அந்நியப் பொருளைப் பிடித்து வைக்கும்படி அமைந்த டான்சிலின் ஆழ்ந்த குழிகளில் அவை தங்குவது வியப்பில்லை.

துகள்கள் திசுவுக்குள் புகுகின்றன என்பதில் இன்று பெரிய ஐயம் இல்லை. மெக்சிகோ நகரிலும் மான்செஸ்டரிலும் வாழ்ந்து இறந்தவர்களின் மூளைத் திசுவில் மாக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடின் நானோ துகள்கள் இருப்பதை 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. செக் குடியரசின் எஃகு, நிலக்கரி நகரமான ஓஸ்த்ராவாவில், மூக்குச் சளிப்படலத்திலும் டான்சிலிலும் உலோகத் துகள்களை எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியே ஆராய்ந்திருக்கிறார்கள். அறுவைக் கத்தியின் எஃகே மாதிரியில் ஒட்டியிருக்கலாமே என்பது நியாயமான ஆட்சேபம். உடலே ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள் சுமார் 8 நானோமீட்டர் அளவில் இரும்பைச் சேமிக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் உயர் வெப்பத்தில் உருகி உறைந்த துகள் உருண்டையாக இருக்கும். உடலுக்குள் வளரும் படிகம் பெரும்பாலும் கோணங்களோடு இருக்கும். வடிவத்தையும் உடன் காணப்படும் தனிமங்களையும் சேர்த்துப் பார்த்தால் பல துகள்களின் பிறப்பிடத்தைப் பிரித்தறியலாம்.

திசுவில் இருப்பதாலேயே துகள்கள் நோய்க்குக் காரணமாகிவிடுமா? இங்குதான் வாதம் இடறுகிறது. இரும்பும் தாமிரமும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு வினைபுரிந்து, செல்லைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்புகளை (ராடிக்கல்) உருவாக்கும். அதனால் அழற்சி தூண்டப்படும் என்பது வேதியியல்படி ஏற்கத்தக்கதே. ஆயினும் ஆய்வகத் தட்டில் செல்கள்மேல் கொட்டப்படும் அளவு, தொண்டை நாள்தோறும் பெறும் அளவைவிடப் பல சமயம் மிக அதிகம். வேறொரு சிக்கல் இதைவிடக் கடினமானது. அழற்சியுற்ற திசுவின் மேற்படலம் சிதைந்திருக்கும், விழுங்கு செல்கள் குவிந்திருக்கும். அங்கே துகள்கள் கூடுதலாகச் சிக்குவது நோயின் விளைவாகவே இருக்கலாம். நலமுள்ளவரின் டான்சிலை யாரும் வெட்டி எடுப்பதில்லை என்பதால் ஒப்பிடத் தகுந்த திசு கிடைப்பதும் அரிது. புகையிலை, மது, எச்பிவி வைரஸ் தொற்று, இரைப்பை அமிலம் மேலேறுதல் ஆகிய அறியப்பட்ட காரணங்களையும் கழித்தாக வேண்டும். காரணம் முந்தியிருக்க வேண்டும், விளைவு பிந்த வேண்டும் என்று புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் 1965இல் வலியுறுத்திய அளவுகோலை, ஒருமுறை எடுத்த திசுத் துண்டு நிறைவேற்ற முடியாது.

அப்படியானால் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பதும் தவறு. கல்நாரும் கந்தக அமில மூடுபனியும் குரல்வளைப் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிப்படுத்தியிருக்கிறது; தொழிற்கூடக் காற்று தொண்டையை நோயுறச் செய்யும் என்பதற்கு இதுவே சான்று. வெல்டிங் புகையையும் அம்முகமை நுரையீரல் புற்றுநோயை முன்வைத்து முதல் வகைப் புற்றுக்காரணியாக வைத்துள்ளது. முழுச் சான்று வரும்வரை காத்திராமலே ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் நானோ துகள்களும் கலந்த டைட்டானியம் டை ஆக்சைடை உணவில் சேர்ப்பதைத் தடைசெய்தது. மரபுப்பொருளுக்கு ஊறு நேரும் என்ற ஐயத்தை விலக்க முடியவில்லை என்பதே அதற்குப் போதுமான காரணமாயிற்று.

உலோக நானோ துகள்களைத் தொண்டை நோயின் நிறுவப்பட்ட காரணம் என்று சொல்வதற்கில்லை. அழற்சியை நீட்டிக்கக்கூடிய துணைக்காரணி என்ற சந்தேகத்துக்கு மட்டும் வலுவான இடமுண்டு. உலோகத்தை வெளியேற்றுவதாக விற்கப்படும் மருந்துகள் கரைந்த அயனிகளைப் பிடிப்பவை. திசுவில் புதைந்த துகளை அவை அகற்றும் என்பதற்கு ஆதாரமில்லை, சிலவற்றால் உயிருக்கே ஆபத்து உண்டு. புகை எழும் இடத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்றும் கருவியும் பொருத்தமான முகக்கவசமும் தொழிலாளிக்கு இன்றே தர வேண்டியவை.