அந்த 25 விநாடியில் என்ன செய்கிறீர்கள்?

ப்ராக்டீஸ்ல எல்லா பாலும் கோட்டுக்குள்ளேயே விழும். மேட்ச்னு வந்தா ஒரே ஒரு டபுள் ஃபால்ட்... அடுத்த நாலு பாயின்ட்டும் கையை விட்டுப் போயிடும். உங்களுக்கும் இப்படியா? அப்படினா, ஃபோர்ஹேண்டைத் திட்டாதீங்க.

2024-ல் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் ரோஜர் ஃபெடரர் ஒரு கணக்கு சொன்னார். அவர் ஆடிய 1,526 ஒற்றையர் போட்டிகளில் கிட்டத்தட்ட 80 சதவிகிதம் வெற்றி. ஆனால், ஜெயித்த பாயின்ட்டுகள் 54 சதவிகிதம்தான்! தோற்ற பாயின்ட்டையே நினைத்துக்கொண்டிருக்காமல் இருக்கப் பழக வேண்டும் என்றார்.

எப்படிப் பழகுவது? கிராண்ட் ஸ்லாமில் ஒரு பாயின்ட் முடிந்து அடுத்த சர்வ் போட 25 விநாடிகள். அமெரிக்க விளையாட்டு உளவியலாளர் ஜிம் லோயர் இந்த இடைவெளியை நான்கு கட்டமாகப் பிரித்தார். பாயின்ட் முடிந்ததும் திரும்பி நடங்கள், ராக்கெட்டை மறு கைக்கு மாற்றுங்கள். அடுத்து, மூச்சை மெதுவாக விட்டபடி ராக்கெட்டின் ஸ்ட்ரிங்கைப் பாருங்கள் (வேடிக்கை பார்ப்பவர்களைப் பார்த்தால் போச்சு!). பிறகு, அடுத்த பாலை எங்கே போடுவது என்று ஒரே ஒரு முடிவு. கடைசியாக, எப்போதும் ஒரே எண்ணிக்கையில் பாலைத் தட்டிவிட்டு சர்வ்.

நடால் தண்ணீர் பாட்டில்களை அச்சுப் பிசகாமல் அடுக்குவாரே, பார்த்திருப்பீங்க. மூடநம்பிக்கைனு கிண்டல் பண்ணினாங்க. சுற்றியிருப்பது ஒழுங்காக இருந்தால் மனசும் ஒழுங்குக்கு வரும் என்பது அவர் கணக்கு.

இந்த வாரம் ஒரு செட் மட்டும் முயன்று பாருங்கள். முதல் ரெண்டு கேம், நடிக்கிற மாதிரிதான் இருக்கும்.