முற்றுகையில் தெரிந்த பத்தியம்

நம் வயதுக்காரர்கள் இருவர் சந்தித்தால், "சுகர் எவ்வளவு?" என்பதுதான் இப்போது முதல் கேள்வி. ஓய்வு பெற்ற பின் எனக்கும் வந்தது. மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவர், "சோற்றைக் குறையுங்கள்" என்றார். இந்த யோசனை முதலில் யாருக்குத் தோன்றியது என்று தேடினேன். பிரெஞ்சில் படித்தவன் ஆதலால், தேடல் என்னைப் பாரீஸுக்கு அழைத்துச் சென்றது.

அங்கே ஒத்தேல்-தியே மருத்துவமனையின் மருந்தகத் தலைவராக இருந்தவர் அப்பொலினேர் புஷார்தா (1806–1886). அவர் காலத்தில், சிறுநீரில் போகும் சர்க்கரையை ஈடுகட்ட நோயாளி நிறையச் சர்க்கரை சாப்பிட வேண்டும் என்று சொன்ன மருத்துவரும் உண்டு! புஷார்தா நேர்மாறாகச் சொன்னார். இனிப்பு மட்டுமல்ல, ரொட்டியிலும் உருளைக்கிழங்கிலும் உள்ள மாவுச்சத்தும் சர்க்கரையாகிறது. அதைக் குறைக்க வேண்டும் என்றார்.

பிரெஞ்சுக்காரரிடம் ரொட்டியை விடச் சொல்வது நம்மிடம் சோற்றை விடச் சொல்வது போல. அதற்கு அவர் ஒரு வழி கண்டார். பிசைந்த கோதுமை மாவைத் தண்ணீரில் அலசினால் மாவுச்சத்து பால்போல் கரைந்துபோகும். ரப்பர் போன்ற குளுட்டன் மிஞ்சும். அதில் ரொட்டி செய்து கொடுத்தார். காய்கறிகளைச் சேர்க்கச் சொன்னார், உடலுழைப்பை வற்புறுத்தினார். சிறுநீரைத் தினமும் தாங்களே சோதித்துக்கொள்ள நோயாளிகளைப் பழக்கினார். இன்று நாம் விரலில் குத்திப் பார்ப்பதற்கு அதுவே முன்னோடி.

1870 செப்டம்பர் 19 அன்று பிரஷ்யப் படை பாரீஸை முற்றுகையிட்டது. 1871 ஜனவரி 28 வரை அது நீடித்தது. ரொட்டிக்கு ரேஷன் வந்தது. மக்கள் குதிரை, பூனை, எலி வரை தின்றார்கள். காஸ்தோர், பொல்லுக்ஸ் என்ற இரண்டு யானைகளும் இறைச்சியாயின. ஊரே பட்டினி கிடந்த அந்த மாதங்களில், புஷார்தாவின் நோயாளிகள் பலருக்குச் சிறுநீரில் சர்க்கரை குறைந்தது, சிலருக்கு இல்லாமலே போனது. அவர் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவந்ததைப் பஞ்சம் மெய்ப்பித்தது.

ஆனால் பத்தியத்துக்கும் எல்லை உண்டு. மெலிந்தவர்களுக்கு வரும் நீரிழிவு வேறு, பருத்தவர்களுக்கு வருவது வேறு என்று லான்செரோ என்ற மற்றொரு பாரீஸ் மருத்துவர் பிரித்துக் காட்டினார். சிறுவயதில் நோய் கண்டவர்களுக்குப் பட்டினி வைத்தியம் சில மாதங்களையோ ஆண்டுகளையோதான் வாங்கித் தந்தது. எலும்பும் தோலுமாகவே அந்தப் பிள்ளைகள் போய்ச் சேர்ந்தார்கள். 1921-இல் டொராண்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டு, 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகப் போட்ட பிறகே அவர்களுக்கு விடிந்தது.

நம்மில் பலருக்கு இருப்பது வயதான பின் வந்த வகை. இதில் புஷார்தாவின் யோசனை இன்றும் பலிக்கிறது. என் தட்டில் பாதி இடம் கீரைக்கும் அவரைக்கும் சுரைக்காய்க்கும். சோறு ஒரு கிண்ணம்தான். கேழ்வரகு, கோதுமை என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று எண்ண வேண்டாம்; அவற்றிலும் மாவுச்சத்து உண்டு, அளவுதான் முக்கியம். மாலையில் கடற்கரைச் சாலையில் நடக்கிறேன்.

ஒன்று மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், விரதம் என்று தாமாகப் பட்டினி கிடக்காதீர்கள். சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரும். அது உயிருக்கே ஆபத்து. மருத்துவரைக் கேட்டு அளவைக் குறையுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.