நீரிழிவும் சோறும்: சென்னை மருத்துவத்தின் முக்கால் நூற்றாண்டு

தமிழில் ஒரே நோய்க்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. நீரிழிவு, மதுமேகம் என்னும் முதல் இரண்டும் நோயாளியின் சிறுநீரைக் கண்டு இடப்பட்டவை. மூன்றாவதான ‘சர்க்கரை நோய்’ ஒரு உணவுப் பொருளைச் சுட்டுகிறது. இப்பெயர் மக்களின் பத்தியத்தையும் வடிவமைத்தது. காப்பியில் சர்க்கரையை நிறுத்தியவர் மதியச் சோற்றின் அளவை மாற்றுவதில்லை. சோற்றின் மாவுச்சத்தும் செரிமானத்தில் குளுக்கோஸாகவே முடிகிறது என்பதைப் பெயர் மறைத்துவிட்டது.

நோய்க்கும் உணவுக்கும் உள்ள தொடர்பு பழங்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. பிறவியில் வருவது, தகாத உணவால் வருவது என சுசுருத சம்ஹிதை இதனை இருவகைப்படுத்துகிறது. 1797இல் ஆங்கிலேயப் படை மருத்துவர் ஜான் ரோலோ, தானியத்தை விலக்கி இறைச்சியை முதன்மையாக்கிய உணவுமுறையை வெளியிட்டார். 1921இல் டொராண்டோவில் இன்சுலின் கண்டறியப்படும்வரை மாவுச்சத்தைக் கட்டுப்படுத்துவதே மருத்துவர் கையிலிருந்த முதன்மையான வழி. இன்சுலின் வந்தபின் அந்தக் கண்டிப்பு படிப்படியாகத் தளர்ந்தது.

இத்தளர்ச்சிக் காலத்தில்தான் சென்னையின் கதை தொடங்குகிறது. மருத்துவர் எம். விஸ்வநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1954இல் இராயபுரத்தில் நீரிழிவுக்கான தனி மருத்துவமனையை நிறுவினார். அவர்முன் வந்த நோயாளிகளுள் பெரும்பாலோர் மூன்று வேளையும் அரிசியை நம்பியவர்கள். ரோலோவின் இறைச்சிப் பத்தியம் அவர்களுக்குப் பொருந்தாது. மாவுச்சத்தை நிறுத்தாமல், பயறு, காய்கறி, கீரை வழியே நார்ச்சத்தை மிகுதியாக்கும் உணவுமுறையை விஸ்வநாதன் வலியுறுத்தினார். அதன் நீண்டகால அனுபவம் 1980களில் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளிவந்தது. உலகப் போக்கும் அதற்கு இசைவாகவே இருந்தது. 1979இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் மொத்த ஆற்றலில் 50 முதல் 60 விழுக்காடுவரை மாவுச்சத்திலிருந்து பெறலாம் என்றது. கொழுப்பால் வரும் இதயநோயே அன்றைய பெரும் அச்சம்.

இதற்கிடையே தட்டிலிருந்த அரிசி மாறியிருந்தது. 1920களிலேயே குன்னூர் ஆய்வகத்தில் ராபர்ட் மெக்காரிசன், தீட்டிய அரிசியை மையமாகக் கொண்ட உணவின் குறைகளை எலிகளிடம் சோதித்துக் காட்டினார். ஆனால் அன்றைய விசாரணை உயிர்ச்சத்து இழப்பையும் பெரிபெரி நோயையும் பற்றியது. இரத்தச் சர்க்கரை பற்றியது அன்று. கைக்குத்தல் மறைந்து ஆலை அரிசி பரவியபோது தவிட்டோடு நார்ச்சத்தும் நீங்கியது. வயலிலும் வீட்டிலும் உடலுழைப்பு குறைந்தது. சோற்றின் அளவு மட்டும் உழைப்புக் காலத்தின் அளவாகவே நின்றது.

விஸ்வநாதனின் மகன் வி. மோகன் தலைமையில் 2001இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற–ஊரக ஆய்வு இம்மாற்றத்தை எண்களில் காட்டியது. 2009இல் வெளியான அதன் முடிவுகளின்படி, சென்னைவாசிகளின் அன்றாட ஆற்றலில் ஏறத்தாழப் பாதி தீட்டிய தானியங்களிலிருந்து, பெரும்பாலும் வெள்ளை அரிசியிலிருந்து வந்தது. அதனை மிகுதியாக உண்டோரிடம் நீரிழிவும் மிகுதியாக இருந்தது. மோகனின் மகள் ஆர். எம். அஞ்சனா முதன்மை ஆசிரியராக 2022இல் வெளியிட்ட ஆய்வு, 18,090 பேரின் தரவுகளைக் கொண்டு கணித மாதிரி ஒன்றை உருவாக்கியது. புதிதாகக் கண்டறியப்பட்ட நீரிழிவு தணிய மாவுச்சத்து 49–54, புரதம் 19–20, கொழுப்பு 21–26 விழுக்காடு என்பது அதன் கணிப்பு.

பாட்டனார் மாவுச்சத்துக்கு இடமளித்தார். பெயர்த்தி அதைக் குறைக்கச் சொல்கிறார். இதனை மருத்துவத்தின் தடுமாற்றம் எனக் கொள்வது பொருந்தாது. விஸ்வநாதனின் பரிந்துரையில் நார்ச்சத்தும் மாவுச்சத்தும் பிரிக்க முடியாத இணை. நடைமுறை வாழ்க்கை நார்ச்சத்தை நழுவவிட்டு மாவுச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டது. மேலும், 2022இன் கணிப்பு தானியத்தை அறவே விலக்கும் மேலைநாட்டுப் பத்தியங்களைப் போன்றதும் அன்று. ஏறத்தாழப் பாதி ஆற்றல் இன்னும் மாவுச்சத்திலிருந்தே வருகிறது.

‘அரிசிக்குப் பதில் கேழ்வரகு’ என்னும் எளிய தீர்வும் இங்கே சோதனைக்குள்ளாகிறது. பெங்களூரு கண்டோன்மென்ட் 1809இல் உருவானபின் குடியேறிய தமிழர்கள், கேழ்வரகை முதன்மை உணவாகக் கொண்ட மைசூர்ப் பீடபூமிக்கு அரிசிப் பழக்கத்தோடு வந்தவர்கள். இன்று காக்ஸ் டவுன், ஜீவனஹள்ளி போன்ற பகுதிகளில் சோறும் களியும் அருகருகே புழங்குகின்றன. அஞ்சனா குழுவினர் 2025இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வோ, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் வெள்ளை அரிசிக்குப் பதிலாக அரைத்த கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ சேர்ப்பதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாகக் காணவில்லை. மாவுச்சத்தின் ஒரு சிறு பங்கைப் பருப்பு, பயறு, பால் ஆகியவற்றின் புரதத்துக்கு மாற்றுவதே அபாயக் குறைவோடு இணைந்திருந்தது.

இங்கே இரண்டு செய்திகளை மறத்தலாகாது. இன்சுலினோ சர்க்கரையை விரைந்து தாழ்த்தும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் மருந்தளவைத் திருத்தாமல் சோற்றை மட்டும் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். மருத்துவரின் கண்காணிப்பு இன்றியமையாதது. மற்றொன்று விலை. தமிழ்நாட்டில் 2011 முதல் நியாயவிலைக் கடை அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. கர்நாடகத்தின் அன்னபாக்யா திட்டமும் 2013 முதல் அரிசியை மையமாகக் கொண்டது. பசியை ஒழிக்க எழுந்த இத்திட்டங்களின் சிறப்பை மறுப்பதற்கில்லை. எனினும் வயிற்றை நிரப்பும் தானியம் இலவசமாகவும், அதன் இடத்தை நிரப்ப வேண்டிய பருப்பும் பயறும் விலையேறியும் இருக்கும்வரை, ‘சோற்றைக் குறையுங்கள்’ என்னும் அறிவுரை வசதியுள்ளவர் வீட்டில் மட்டுமே நடைமுறையாகும்.